பத்திரிகையாளர்களின் தோழர் புனித டைட்டஸ் பிரான்ட்ஸ்மா

2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாளைத் தமிழகத் திருச்சபை எளிதில் மறக்காது. அன்றுதான் நட்டாலத்தில் பிறந்து, 1752ஆம் ஆண்டு காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட நம் மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் அமர்ந்து அந்தத் திருப்பலியைப் பார்த்த நம் அனைவரின் கண்களும் அவருடைய உருவத்தின்மீதே இருந்தன. அது இயல்புதான். ஆனால் அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் வரிசையில் சேர்த்தது மொத்தம் பத்துப் பேரை. நம்மவரோடு அன்று புனிதரான மற்றொரு மறைசாட்சி, ஹாலந்து நாட்டுக் கார்மேல் சபைத் துறவி டைட்டஸ் பிரான்ட்ஸ்மா. நாத்சி வதைமுகாமில் உயிரிழந்த இவரைக் கைது செய்ய வைத்தது ஒரு மறையுரை அல்ல, செய்தித்தாள்களில் வரவிருந்த விளம்பரங்களைப் பற்றிய ஒரு கடிதம்.

அந்தப் புனிதர்பட்ட நாளுக்குச் சற்று முன்பு ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் பலர் கூடித் திருத்தந்தைக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். டைட்டசைப் பத்திரிகையாளர்களின் பாதுகாவலராக அறிவிக்க வேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள். ஏற்கெனவே ஒரு பாதுகாவலர் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். திருத்தந்தை 11ஆம் பயஸ் 1923ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சலேசியாரை எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராகக் கொடுத்தார். ஆலயத்திற்கு வர அஞ்சிய மக்களுக்காக, சாப்லே பகுதியில் சிறு தாள்களை எழுதிப் பரப்பியவர் அவர். ஆனால் அது 1590களில் நடந்தது. அச்சிட்ட செய்தித்தாள் என்ற ஒன்று அப்போது இன்னும் பிறக்கவில்லை. ஆசிரியர், நிருபர், மாதச் சம்பளம், சங்கம், அரசுத் தணிக்கை, விளம்பர வருமானம் என்று பின்னாளில் உருவான அந்தத் தொழிலுக்குள் நின்று வாழ்ந்து, அதன் காரணமாகவே இறந்தவர் டைட்டஸ். அந்த மடலை எழுதியவர்களின் வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஹாலந்தின் வடக்கே, பிரீஸ்லாந்து மாநிலத்தில் போல்ஸ்வர்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஒரு பால்பண்ணை வீட்டில் 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்னோ ஷூர்ட். சுற்றிலும் பிரிந்த சபையினர் மிகுதியாக வாழ்ந்த அந்தப் பகுதியில் இவர்கள் குடும்பம் உறுதியான கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் துறவறத்தைத் தேர்ந்தனர் என்றால் அந்த வீட்டின் செப வாழ்வைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. பையன் மெலிந்தவன், அடிக்கடி நோயுறுபவன். மாட்டுத் தொழுவ வேலைக்கு ஏற்ற உடல் இல்லை. வயிற்றுக் கோளாறு சாகும்வரை அவரை விடவில்லை. 1898ஆம் ஆண்டு பாக்ஸ்மேர் நகரில் கார்மேல் சபையில் சேர்ந்தபோது, தம் தந்தையின் பெயரான டைட்டஸ் என்பதையே துறவறப் பெயராக ஏற்றார். திருத்தூதர் பவுலின் உடன் உழைப்பாளரான தீத்துவின் பெயர்தான் அது. 1905ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1909ஆம் ஆண்டில் உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

இவர் வாலிபராக இருந்த அந்த ஆண்டுகளில் ஹாலந்தில் பத்திரிகைத் தொழிலே முகம் மாறிக்கொண்டிருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இவர் எதற்காக உயிரைக் கொடுத்தார் என்பது விளங்காது.

ஒரு காலத்தில் அச்சகம் வைத்திருந்தவரே ஆசிரியர், அவரே முதலாளி, அவரே விற்பனையாளர். செய்தித்தாள்மீது அரசு முத்திரை வரி விதித்திருந்ததால் அது வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. 1869ஆம் ஆண்டில் அந்த வரி நீக்கப்பட்டது. தந்தியும் இரயிலும் சுழல் அச்சு இயந்திரமும் சேர்ந்துகொள்ள, சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கும் நாளிதழ் வந்தது. எழுதுவதையே வயிற்றுப்பாடாகக் கொண்ட ஒரு கூட்டம் உருவாயிற்று. 1884ஆம் ஆண்டு அந்நாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பிறகு 1925இல் கத்தோலிக்க வானொலி நிறுவனமும், 1934இல் நாட்டுக்கெல்லாம் பொதுவான செய்தி நிறுவனமும் வந்து, தொழிலின் வேகத்தையே மாற்றிவிட்டன.

ஹாலந்துக்கே உரிய இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. கத்தோலிக்கர், பிரிந்த சபையினர், சமதர்மவாதிகள் என்று ஒவ்வொரு பிரிவினருக்கும் தனிப் பள்ளி, தனித் தொழிற்சங்கம், தனிச் செய்தித்தாள். நீண்ட காலம் இரண்டாந்தரக் குடிமக்களாக நடத்தப்பட்டு, 1853ஆம் ஆண்டில்தான் மீண்டும் ஆயர்களைப் பெற்ற கத்தோலிக்கர்களுக்குச் செய்தித்தாள் என்பது வெறும் படிப்புப் பொருளாக இருக்கவில்லை. தங்களுக்கும் ஒரு குரல் உண்டு என்பதன் அடையாளம் அது. ஆகவே நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களோ பெரும் பணமோ இல்லாத அந்தச் சிறு நாட்டில், நகரத்துக்கு நகரம் கத்தோலிக்க நாளிதழ்கள் இருந்தன. ஆனால் அவற்றில் உழைத்தவர்களின் நிலை பெருமைப்படும்படி இல்லை. புனிதமான காரியத்துக்காக எழுதுகிறாய், சம்பளத்தைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்ற மனப்பான்மை அங்கேயும் இருந்தது. நம் நிறுவனங்களில் பணியாற்றும் பொதுநிலையினருக்கு இது புதிய செய்தியாக இராது!

டைட்டஸ் இந்த உலகத்துக்குள் மேலிருந்து வந்து அறிவுரை கூறியவர் அல்லர். 1912ஆம் ஆண்டு கார்மேல் ஆன்மீகத்துக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டு ஓஸ் நகரின் உள்ளூர்ச் செய்தித்தாளுக்குத் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றார். காலையில் மாணவர்களுக்கு மெய்யியல் வகுப்பு, பிறகு அச்சுக்குப் போகும் பக்கங்களைத் திருத்தும் வேலை, இவற்றுக்கு நடுவே கட்டளைச் செபம். அவிலா நகர் புனித தெரேசாவின் நூல்களை டச்சு மொழியில் கொணரும் முயற்சியிலும் அவர் பங்கு பெரியது. 1923ஆம் ஆண்டு நைமேகன் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, மெய்யியலுக்கும் மறைபொருள் ஆன்மீக வரலாற்றுக்கும் பேராசிரியரானார். 1932இல் ஓராண்டுக் காலம் அதன் தலைவராகவும் இருந்தார். இத்தனைக்குப் பிறகும் நாளிதழில் எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக அவர் கருதவில்லை. 1938ஆம் ஆண்டுமுதல் நைமேகன் நாளிதழான டி ஹெல்டர்லாண்டரில், நாட்டின் பழைய ஆன்மீக மரபைப் பற்றி எளிய மக்களுக்குப் புரியும் நடையில் வாரந்தோறும் எழுதி வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆய்ந்ததை இரயிலில் போகிறவர் படிக்கும்படி எழுத முடிந்த பேராசிரியர்கள் எந்த நாட்டிலும் குறைவு.

1935ஆம் ஆண்டில் கத்தோலிக்கப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஆன்மீக ஆலோசகராக நியமிக்கப்பட்டார். ஆன்மீக ஆலோசகர் என்றால் ஆண்டுக்கு ஒரு தியானம் கொடுத்து, விழாவில் ஆசீர்வாதம் அளித்துப் போகிறவர் என்று நாம் நினைப்போம். டைட்டஸ் அந்தப் பதவியை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் பிணக்கு வந்தால் நடுவில் அமர்ந்து பேசினார். நேர்மையான ஊதியம், வேலைப் பாதுகாப்பு, இளம் நிருபர்களுக்கு முறையான பயிற்சி ஆகியவற்றுக்காக வாதாடினார். பத்திரிகைத் தொழில் படித்தவர் செய்ய வேண்டிய பொறுப்பான தொழில், அதற்குப் பல்கலைக்கழகமும் உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். வேலை தேடி வந்தவர்கள், மனம் சோர்ந்து வந்தவர்கள் என்று அவருடைய அறைக்கதவைத் தட்டாதவர்கள் இல்லை என்று உடன் வாழ்ந்த துறவிகள் நினைவுகூர்ந்தனர்.

இதே காலத்தில் அண்டை நாடான ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்கு வேறொரு கதி நேர்ந்துவிட்டது. 1933ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இட்லரின் அரசு ஆசிரியர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் செய்தி எழுதலாம். யூதர்களுக்கும் யூதரை மணந்தவர்களுக்கும் அதில் இடமில்லை. செய்தித்தாளின் ஆசிரியர் தம் வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற நிலை போய், அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆனார். சிறைக் கம்பிகளோடு வந்திருந்தால் பலர் விழித்திருப்பார்கள். இந்தச் சட்டமோ அடையாள அட்டை, தகுதிப் பட்டியல், தொழில் மதிப்பு என்ற அழகிய உடைகளோடு வந்தது.

டைட்டஸ் இதை உற்றுக் கவனித்தார். யூதர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1930களின் நடுவிலேயே எழுதினார். ஜெர்மன் பத்திரிகைகள் அவரைத் திட்டின. பல்கலைக்கழக வகுப்பிலும் நாத்சிக் கொள்கையின் பிழைகளை எடுத்துக் காட்டினார். ஹாலந்திலேயே 1931ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய சோசலிச இயக்கம் என்ற கட்சி நாத்சிகளின் வழியைப் பின்பற்றியது. அதற்கு ஆதரவு தரும் கத்தோலிக்கர் அருளடையாளங்களைப் பெற முடியாது என்று 1936ஆம் ஆண்டில் ஆயர்கள் அறிவித்தார்கள்.

1940ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஜெர்மன் படைகள் ஹாலந்துக்குள் நுழைந்தன. ஒரே ஆண்டுக்குள் பத்திரிகையாளர் பதிவு முறை அங்கேயும் வந்தது. நாட்டின் செய்தி நிறுவனம் ஆக்கிரமிப்பாளர் கைக்குப் போயிற்று. எதை முதல் பக்கத்தில் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்பதுவரை கட்டளைகள் வந்துகொண்டேயிருந்தன. யூத மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கும்படி 1941இல் ஆணை வந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகளின் சார்பில் டைட்டஸ் அதை எதிர்த்து நின்றார். கத்தோலிக்க நாளிதழ்களோ பலவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தன. அதிகாரிகள் அனுப்பிய அறிக்கைகளை அச்சிட்டன. வாசகர்களும் அது கட்டாயத்தில் வருவது என்று புரிந்துகொண்டார்கள். இந்த விட்டுக்கொடுத்தலில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று இன்று நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. டைட்டசும் அதுவரை பொறுத்துத்தான் போனார்.

1941 டிசம்பரில் வந்த ஆணை வேறு வகையானது. தேசிய சோசலிச இயக்கம் விளம்பரம் கொடுத்தால், கொள்கை காரணம் காட்டி எந்த நாளிதழும் அதை மறுக்கக் கூடாது என்றது அது. வெறும் விளம்பரம்தானே என்று தோன்றலாம். நம் பங்கு விழா மலரின் பின்னட்டையில் நகைக்கடை விளம்பரமும் ஜவுளிக்கடை விளம்பரமும் வருகின்றன. யாரும் அதைத் திருச்சபையின் போதனை என்று எண்ணுவதில்லை. ஆனால் இங்கே நிலை அப்படியா? ஆயர்கள் வெளிப்படையாக விலக்கி வைத்த ஓர் இயக்கம், ஆயர்களை நம்பி மக்கள் வாங்கும் தாளிலேயே ஆள் சேர்க்க வரும். அதற்குப் பணமும் கொடுக்கும். அரசு அறிக்கை கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். பணம் வாங்கிப் போட்ட விளம்பரத்திலோ நாளிதழும் பங்காளி ஆகிவிடும். இதுதான் கடைசி எல்லை என்று டைட்டஸ் கண்டார்.

உட்ரெக்ட் பேராயர் டி யோங்கின் இசைவோடு, டிசம்பர் 31ஆம் நாள் கத்தோலிக்க நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு சுற்றுமடல் எழுதினார். இந்த விளம்பரங்களை ஏற்க முடியாது. அபராதம் வந்தாலும், தாள் முடக்கப்பட்டாலும், ஏன் ஒரேயடியாக மூடப்பட்டாலும் மறுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம்.

அன்பார்ந்தவர்களே, மடலை எழுதியதைவிட அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என் மனத்தில் அதிகம் நிற்கிறது. கடிதத்தை அஞ்சலில் போட்டுவிட்டு அவர் தம் அறையில் இருந்திருக்கலாம். மறுநாள், 1942ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளிலேயே, இரயிலேறிப் புறப்பட்டார். வயது அறுபது, குளிர்காலம், நோயுற்ற வயிறு. ஊர் ஊராகப் போய் ஒவ்வோர் ஆசிரியரையும் நேரில் சந்தித்தார். மறுப்பதால் வேலை போகப்போவது அவர்களுக்கு. வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கப்போவது அவர்களுக்கு. மனைவி மக்கள் இல்லாத ஒரு துறவி, குடும்பஸ்தர்களைப் பார்த்து எல்லாவற்றையும் இழக்கத் தயாராகுங்கள் என்று தாள்மூலம் சொல்வது சரியாகாது என்பதை, அவர்களுடைய சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசிய அவர் நன்றாக அறிந்திருந்தார். தாமே போனால் தாமே பொறுப்பு. பிடிபட்டால் முதலில் பிடிபடுவதும் தாமே. அப்படித்தான் ஆயிற்று.

ஜனவரி 19ஆம் நாள் நாத்சிக் காவலர் அவரைக் கைது செய்தனர். மறுநாள் கடலோரத்திலுள்ள ஷெவெனிங்கன் சிறையின் 577ஆம் எண் அறையில் அடைத்தனர். விசாரணை செய்த அதிகாரி ஹார்டெகன் முரடர் அல்லர், நாகரிகமாகப் பேசக்கூடியவர். மடலை எழுதியது நானே, பொறுப்பும் என்னுடையதே என்று டைட்டஸ் ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டார். ஹாலந்து மக்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர், அந்தக் கட்சியை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரும்படி அதிகாரி கேட்டார். டைட்டஸ் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். ஓர் எதிராளிக்காக எழுதிய அந்தக் கட்டுரையை, ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் இறைவன் ஆசி அளிக்கவும், இரு நாடுகளும் அமைதியில் அருகருகே வாழவும் வேண்டி முடித்தார். இவரைப் போர் முடியும்வரை வெளியே விடுவது ஆபத்து என்று அதிகாரியின் முடிவு அமைந்தது.

சிறையில் அவர் ஒழுங்கான கால அட்டவணை வைத்து வாழ்ந்தார். தம் சிறையறையைப் பற்றி நகைச்சுவை இழையோட ஒரு சிறு வருணனையும் எழுதினார். கார்மேல் துறவிக்குத் தனியறை என்பது புதிதில்லையே! அவிலா தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கியவர், எழுதத் தாள் தீர்ந்தபின் ஓர் அச்சுப் புத்தகத்தின் வரிகளுக்கிடையே எழுதிக்கொண்டே போனார்.

மார்ச் மாதம் ஆமர்ஸ்ஃபோர்ட் முகாமுக்கு மாற்றினர். அங்கே ஏப்ரல் 3ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, கைதிகளுக்கு நடுவே நின்று ஆண்டவரின் பாடுகளைப் பற்றி ஹாலந்தின் பழைய ஆன்மீக ஆசிரியர்கள் கூறியவற்றை விளக்கினார். மீண்டும் ஷெவெனிங்கன், பின்னர் ஜெர்மனியின் கிளேவ நகர்ச் சிறை. வதைமுகாமுக்குப் பதிலாக ஒரு ஜெர்மன் கார்மேல் மடத்தில் காவலில் வைக்கும்படி விண்ணப்பித்துப் பார்த்தார். மறுத்துவிட்டார்கள். சாவைத் தேடிப் போன மனிதர் அல்லர் அவர். பல்கலைக்கழகமும் எழுதி முடிக்காத புத்தகமும் அவருக்காகக் காத்திருந்தன.

ஜூன் 19ஆம் நாள் டாக்காவ் வந்து சேர்ந்தார். எண் 30492. அந்த முகாமில் நாத்சிகள் அடைத்த மறைப்பணியாளர்கள் சுமார் 2,700 பேர். பெரும்பாலோர் போலந்து நாட்டவர். அங்கே தம் சபைச் சகோதரர் ரபேல் டெய்ஹவுசைச் சந்தித்தது அவருக்குப் பெரிய ஆறுதல். ஜெர்மன் குருக்களின் கூடாரத்திலிருந்து இரகசியமாக வரும் நற்கருணையை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் காவலன் அடித்து வீழ்த்தியபோதும் டைட்டஸ் அந்தக் கூட்டை அக்குளில் இறுக்கிக்கொண்டே இருந்தார். ஐந்தே வாரங்களில் உடல் முற்றிலும் தளர்ந்து, முகாம் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து திரும்புகிறவர்கள் குறைவு என்பது எல்லாக் கைதிகளுக்கும் தெரியும்.

1942ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று ஹாலந்தின் கத்தோலிக்க ஆலயங்களில் ஆயர்களின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டிக்கும் மடல் அது. அதற்குப் பழிவாங்கும்விதமாக, ஒரு வாரத்தில் யூத மரபில் வந்த கத்தோலிக்கர்களைக் கைது செய்தார்கள். டைட்டஸ் இருந்த அதே ஆமர்ஸ்ஃபோர்ட் முகாம் வழியாகக் கொண்டு செல்லப்பட்டு, அவ்ஷ்விட்சில் ஆகஸ்ட் 9ஆம் நாள் இறந்தவர்களில் எடித் ஸ்டெயின் என்ற கார்மேல் அருட்சகோதரியும் ஒருவர்.

அச்சிட முடியாததைத் திருப்பலிப் பீடத்திலிருந்து வாசித்த அந்த ஞாயிறன்று பிற்பகல் இரண்டு மணியளவில், டாக்காவ் மருத்துவமனையில் டைட்டசின் உடலில் நச்சு ஊசி செலுத்தப்பட்டது. உடலை எரித்துவிட்டார்கள், கல்லறை இல்லை. அவர் காக்க முயன்ற நாளிதழ்களும் இன்று அப்படியே இல்லை. டி மாஸ்போடெ 1959இல் டி டெய்ட் என்ற நாளிதழோடு இணைந்தது. டி டெய்ட்டும் 1974இல் நாளிதழாக வருவதை நிறுத்திக்கொண்டது.

ஊசி போட்டவர் ஓர் இளம் செவிலி. மருத்துவர் கட்டளையிட்டதை அவர் செய்தார். திருச்சபையையும் குருக்களையும் வெறுத்த அந்தப் பெண்ணிடம், நோயாளியாகக் கிடந்த டைட்டஸ் இரக்கத்தோடு பேசியிருக்கிறார். தம்மிடமிருந்த எளிய செபமாலையை அவருக்குக் கொடுத்தார். எனக்குச் செபிக்கத் தெரியாது என்று அவர் சொன்னதும், அருள் நிறைந்த மரியே செபத்தின் பிற்பகுதியை மட்டுமாவது, பாவிகளுக்காக வேண்டும்படி கேட்கிற அந்தப் பகுதியை மட்டுமாவது சொன்னால் போதும் என்றார். போருக்குப் பல ஆண்டுகள் கழித்து, டைட்டசின் அருளாளர் பட்டத்துக்கான விசாரணையில் அந்தச் செவிலி சாட்சி சொல்ல வந்தார். ஏடுகளில் அவருடைய உண்மைப் பெயர் இல்லை. டிசியா என்ற மாற்றுப் பெயரே இருக்கிறது. அவர் மீண்டும் விசுவாசத்துக்குத் திரும்பியிருந்தார். புனிதரின் கடைசி நேரத்தைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் சொன்னதுதான்.